கித்தார் பெடலுக்கான அலுமினியப் பெட்டியில் துளையிடும் முறை

ஃபஸ், ஓவர்டிரைவ், டிலே போன்ற, காலால் மிதித்துக் கித்தாரின் ஒலியை மாற்றும் பெடல்களை வீட்டிலேயே செய்யத் தொடங்குபவர்களில் பலர், மின்சுற்றுப் பலகையில் பாகங்களைப் பற்றவைத்து ஒலி வந்ததும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு அந்தப் பலகை பிஸ்கட் டின்னுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். காரணம் கேட்டால் டிரில்லைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்பார்கள். உண்மையில் டிரில் இயந்திரம் செய்யும் தவறுகள் மிகக் குறைவு; பெட்டியைக் கெடுப்பவை பெரும்பாலும் அளப்பதிலும் குறிப்பதிலும் நேரும் தவறுகளே. ஒரு பெட்டிக்கு நான் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், அதில் இயந்திரம் சுழலும் நேரம் கால் மணிக்கு மேல் போவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையிலும் துளையிடுவதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

பெடல்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது வார்ப்பு அலுமினியப் பெட்டி. கனடாவின் ஹேமண்ட் நிறுவனத்தின் 1590 வரிசை எண்களே இன்று எல்லாருக்கும் பொதுப்பெயராகிவிட்டன. 1590பி சுமார் 112 மி.மீ. நீளமும் 60 மி.மீ. அகலமும் 31 மி.மீ. உயரமும் கொண்டது, 125பி என்று விற்கப்படுவது, ஹேமண்ட் வரிசையில் 1590என்1 எனப்படும், சற்றே பெரிய பெட்டி, சுமார் 121, 66, 39 மி.மீ. அளவுடையது. 1590ஏ இன்னும் சிறியது. அகலம் 38 மி.மீ. அளவுதான். முதல் பெட்டிக்கு 125பி வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. கூடுதலாகக் கிடைக்கும் அந்த எட்டு மி.மீ. உயரம், பலகைக்கும் சுவிட்சுக்கும் இடையே ஏற்படும் நெருக்கடியைத் தீர்த்துவிடும். சின்னப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கிக் காட்டும் ஆசையைப் பத்தாவது பெடலில் நிறைவேற்றிக்கொள்ளலாம்.

வார்ப்புப் பெட்டிகளைப் பற்றி முன்கூட்டியே அறிய வேண்டியவை இரண்டு உண்டு. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காக, அவற்றின் பக்கச் சுவர்கள் மேல்முகத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் சற்றே சாய்வாக வார்க்கப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியின் அடியில் எடுத்த அளவும் மேல்முகத்தில் எடுத்த அளவும் ஒன்றாக இரா. அடுத்து, நான்கு மூலைகளிலும் மூடியின் திருகாணிகள் இறங்கும் தடித்த தூண்கள் இருக்கும். மூடியின் உட்புறத்திலும் சில மில்லிமீட்டர் உள்ளே இறங்கும் விளிம்பு ஒன்று இருக்கும். வெளியிலிருந்து மட்டும் பார்த்துக் குறிப்பவர்கள் இந்தத் தூண்களையும் விளிம்பையும் மறந்துவிடுவார்கள். ஜாக்கை முடுக்கிய பிறகு மூடி சேராமல் நிற்கும்போதுதான் நினைவு வரும்.

குறிப்பதற்கு முன் எல்லாப் பாகங்களும் கையில் இருக்க வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் புடு வட்டாரத்தின் ஜாலான் பசாரில் ஒரு சனிக்கிழமைக் காலையைச் செலவிட்டால் பொட் (குமிழைத் திருகி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகம்), ஜாக், எல்இடி, டாகிள் சுவிட்ச் ஆகியவற்றை நேரில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். மூன்று துருவ (3PDT) மிதி சுவிட்ச், வார்ப்புப் பெட்டி போன்றவற்றைப் பெரும்பாலும் இணையத்தில் வாங்க வேண்டியிருக்கும். எங்கு வாங்கினாலும், விற்பவர் எழுதியிருக்கும் அளவை நம்பாமல், வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு பாகத்தின் மரைப் பகுதியையும் நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மிதி சுவிட்சின் மரை பொதுவாக 12 மி.மீ. விட்டம் உடையது, பெயின்ட் பூச்சுக்கும் சேர்த்து 12.5 மி.மீ. துளை அதற்குப் போதும். 16 மி.மீ. உடல் கொண்ட சாதாரண பொட்டின் மரை 7 மி.மீ.; துளை 7.5 இருந்தால் நல்லது, 8 ஆனாலும் வாஷரும் நட்டும் மறைத்துவிடும். அமெரிக்க வகைப் பெரிய பொட்களின் மரையும், 6.35 மி.மீ. கித்தார் ஜாக்கின் மரையும் ஏறக்குறைய 9.5 மி.மீ.; அவற்றுக்கு 10 மி.மீ. துளை பொருந்தும். சிறிய டாகிள் சுவிட்சுக்கு 6 முதல் 6.5. எல்இடியை நேராகப் பொருத்தினால் அதன் விட்டமே துளையின் அளவு. உலோக வளையத்தோடு பொருத்துவதாக இருந்தால் 5 மி.மீ. எல்இடிக்குப் பெரும்பாலும் 8 மி.மீ. தேவைப்படும், ஆனால் இந்த வளையங்கள் பலவிதமாக வருவதால் அளக்காமல் துளையிட வேண்டாம்.

மின்சார ஜாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெடல்களுக்கான 9 வோல்ட் மின்சாரம் பெரும்பாலும் நடுமுனை எதிர்மறையாக வருகிறது. அதாவது பிளக்கின் வெளி உருளைதான் நேர்முனை. உலோக உடல் கொண்ட டிசி ஜாக் ஒன்றை வாங்கி, அதன் உடல் வெளி உருளையோடு இணைந்திருந்தால், முடுக்கிய கணத்திலேயே நேர்முனை பெட்டியோடு சேர்ந்துவிடும். பெட்டியோ கித்தார் ஜாக்கின் வழியாகப் பூமிமுனையோடு ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. விளைவு நேரடி ஷார்ட். எனவே பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக்கையே வாங்க வேண்டும். வெளியிலிருந்து செருகி உள்ளே நட்டு போடும் பிளாஸ்டிக் ஜாக்குக்கு ஏறத்தாழ 12 மி.மீ. துளை வேண்டும். உலோக வகைக்கு 8 மி.மீ. துளை போட்டுவிட்டு, பிறகு மனம் மாறிப் பெரிதாக்குவது முடியும். பெரிய துளையைச் சிறிதாக்கத்தான் வழியில்லை.

இனி இட அமைப்பு. வழக்கப்படி கித்தாரிலிருந்து வரும் ஒயர் பெட்டியின் வலப்பக்கம் நுழையும், ஆம்ப்புக்குப் போகும் ஒயர் இடப்பக்கம் வெளியேறும். 1590பி பெட்டியின் உள்ளகலம் 56 மி.மீ. அளவே இருப்பதால், எதிரெதிரே இரண்டு திறந்த ஜாக்குகளை ஒரே கோட்டில் வைத்தால், பிளக் செருகும்போது அவற்றின் முனைத் தகடுகள் ஒன்றையொன்று முட்டும். ஆகவே ஒன்றைச் சற்று மேலேயும் மற்றொன்றைச் சற்றுக் கீழேயும் தள்ளி வைக்க வேண்டும். ஜாக்கின் நீளத்தை அளக்கும்போது பிளக்கை உள்ளே செருகிய நிலையிலேயே அளக்க வேண்டும். பொட்களின் உடல் 16 மி.மீ. இருப்பதால், இரண்டு பொட்களின் மையங்களுக்கிடையே 18 மி.மீ. விட்டாலே உள்ளே இடம் போதும். ஆனால் மேலே குமிழ் போட்டபின் அதைத் திருக விரல்கள் நுழைய வேண்டுமே! 25 மி.மீ.க்குக் குறைந்தால் மேடையின் இருட்டில் எரிச்சல்தான் மிஞ்சும். மிதி சுவிட்சின் மையத்தைக் கீழ் விளிம்பிலிருந்து குறைந்தது 20 மி.மீ. தள்ளி வைக்கிறேன், அதே நேரத்தில் குமிழ்களிலிருந்தும் அது தொலைவில் இருக்க வேண்டும், ஏனெனில் சப்பாத்து அணிந்த காலுக்குக் குமிழ் எது, சுவிட்ச் எது என்று தெரியாது.

கணினியில் வரைந்த வார்ப்புருவைத் தாளில் அச்சிட்டு ஒட்டுவதே குறிப்பதற்கு எளிய வழி. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருக்களில் பல, அமெரிக்க லெட்டர் தாளுக்காக வரையப்பட்டவை. நாம் பயன்படுத்துவதோ ஏ4. தாளுக்குப் பொருத்துமாறு அச்சிடும் அமைப்பை அணைக்காவிட்டால், 216 மி.மீ. அகலத்தை 210-க்குள் கொண்டுவர அச்சுப்பொறி முழுப் படத்தையும் ஏறக்குறைய 97 விழுக்காடாகச் சுருக்கிவிடும். 112 மி.மீ. பெட்டி அப்போது 109 மி.மீ. ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்ட மூன்று பொட்கள் ஒரே வரிசையில் துளைகளில் இறங்க வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் எதுவும் இறங்காது. என் முதல் பெட்டி இப்படித்தான் பாழானது. வீட்டுக்குக் கீழே இருந்த அச்சுக் கடையில் அவசரமாக எடுத்த தாளை அளந்து பார்க்காமலே ஒட்டிவிட்டேன். அந்தப் பெட்டி இப்போது திருகாணிகள் போட்டு வைக்கப் பயன்படுகிறது. நூறு விழுக்காடு என்று அமைத்து அச்சிட்ட பிறகும், தாளில் 50 மி.மீ. கோடு ஒன்றை வரைந்து, உலோக அளவுகோலால் சரிபார்ப்பதை நான் விடுவதில்லை.

இன்னொன்று, வார்ப்புரு வெளிப்புறத்தைப் பார்த்து வரையப்பட்டதா, உட்புறத்தைப் பார்த்து வரையப்பட்டதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். பலகையின் செப்புப் பக்கத்தைப் பார்த்துக் குறித்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறிவிடும். தாளை ஒட்டுவதற்கு முன் பெட்டி முழுவதையும் மாஸ்கிங் டேப்பால் போர்த்திவிட்டு, அதன்மேல் தாளை ஒட்டினால், பெயின்ட் கீறாது; டிரில் முனையும் வழுக்காது.

அடுத்தது சென்டர் பஞ்ச், அதாவது துளையின் மையத்தில் புள்ளி குத்தும் கூர்முனைக் கருவி. செந்தூல் இரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் பெரியப்பா, எனக்கு முதலில் கையில் கொடுத்தது டிரில்லை அல்ல, பஞ்ச்சைத்தான். ஒரு மதியம் முழுவதும் பழைய அலுமினியத் தகட்டில் குறுக்குக்கோட்டின் நடுவில் புள்ளி குத்த வைத்தார். இரண்டு தட்டலாகக் குத்துவது அவர் முறை. முதல் தட்டல் மிக மெல்லியதாக இருக்கும்; புள்ளி கோடுகள் வெட்டும் இடத்தில் விழுந்ததா என்று கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். விலகியிருந்தால் பஞ்ச்சைச் சாய்த்துப் பிடித்து, புள்ளியைச் சரியான திசைக்கு இழுக்கும்படி இன்னொரு முறை தட்ட வேண்டும். சரியாக இருந்தால் மட்டும் நிமிர்த்திப் பிடித்து ஒரே ஓர் அழுத்தமான அடி. அடிக்கும்போது பெட்டிக்குள் அதன் உயரத்துக்குச் சரியாக வெட்டிய மரத்துண்டு ஒன்று இருக்க வேண்டும். வார்ப்பு அலுமினியம் தகடு அலுமினியத்தைப்போல் வளைந்து கொடுக்காது. அடியில் தாங்கல் இல்லாமல் ஓங்கி அடித்தால் அடி துள்ளும், சில நேரம் விரிசலும் விழும். அந்த மரத்துண்டை எறிந்துவிட வேண்டாம், துளையிடும்போதும் அது உள்ளேயே இருக்கட்டும்.

கருவிகளில் பணம் செலவிடத் தகுந்தது ஒன்றுதான், அது ஸ்டெப் டிரில். கூம்பு வடிவில், படிப்படியாக விட்டம் கூடும் இந்த பிட்டை ஹார்டுவேர் கடைகளில் எளிதாக வாங்கலாம். சாதாரண முறுக்கு பிட்டால் 12 மி.மீ. துளையை இரண்டு மி.மீ. தடிமனுள்ள சுவரில் போடும்போது, பிட்டின் நுனி மறுபக்கம் வெளியேறிய பிறகும் அதன் ஓரங்கள் உலோகத்துக்குள் முழுமையாக இறங்கியிரா. பிடிமானம் இல்லாத பிட் அலைந்து, வட்டத்துக்குப் பதிலாக மூன்று முனை கொண்ட துளையை உண்டாக்கும், இல்லையென்றால் உலோகத்தைக் கவ்விப் பெட்டியையே சுழற்றிவிடும். ஸ்டெப் டிரில்லில் முந்தைய படி ஏற்கனவே துளைக்குள் இருப்பதால் அது அடுத்த படிக்கு வழிகாட்டியாகிறது. வாங்கும்போது படிகளைப் பாருங்கள்: 4 முதல் 12 வரை ஒவ்வொரு மி.மீ. ஆக ஏறும் பிட்டில் 7-உம் 9-உம் கிடைக்கும்; 4 முதல் 20 வரை செல்வதில் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே ஏறும். பெடல் வேலைக்கு முதல் வகைதான் ஏற்றது, 12 மி.மீ.க்கு மேல் அரை மி.மீ. தேவைப்படும் இடத்தில் உருண்டை அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். படியின் உயரம் பெட்டிச் சுவரின் தடிமனைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும்.

பெட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடவே கூடாது. வைஸிலோ கிளாம்பிலோ, இருபுறமும் மரத்துண்டு அல்லது பழைய தோல் வைத்து இறுக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, சுழலும் பிட் துணியைக் கவ்வினால் விரலையும் சேர்த்தே இழுக்கும். நீள முடியைக் கட்டிக்கொள்ளவும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடவும் அதே காரணத்துக்காகச் சொல்கிறேன். நம் வீடுகளில் செருப்பில்லாமல் நடப்பதுதான் வழக்கம் என்பதால் உலோகத் துருவல்கள் கூடத்துக்குள் வந்தால் மறுநாள் யாராவது ஒருவர் காலில் ஏறிவிடும். இரும்புத் தூளைக் காந்தத்தால் பொறுக்குவதுபோல் அலுமினியத்தைப் பொறுக்க முடியாது. அதனால் நான் பல்கனியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை விரித்து அதன்மேல்தான் வேலை செய்கிறேன். முடிந்ததும் பிரஷ்ஷால் கூட்டி, மிஞ்சியதை மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுக்கிறேன். வாயால் ஊதினால் கண்ணுக்குள்தான் போகும். மழைச்சாரல் அடிக்கும் நேரத்தில் ஒயர் நீட்டி வேலை செய்ய வேண்டாம், பேட்டரி டிரில்லாக இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

வேகத்தைப் பற்றிச் சிறு கணக்கு. ஹெச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட்டால் அலுமினியத்தை வெட்ட நிமிடத்துக்கு 60 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்தால், 3 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 6,300 சுற்றுகளுக்கு மேல் சுழலலாம், 12 மி.மீ. பிட்டுக்கோ ஏறத்தாழ 1,600 சுற்றுகளே. இரண்டு கியர் கொண்ட வீட்டு டிரில் பெரும்பாலும் 1,500 சுற்றுகளைத் தாண்டுவதில்லை என்பதால், சிறிய பிட்டை முழு வேகத்தில் ஓட்டுவதில் தவறில்லை. ஸ்டெப் டிரில்லுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையில் பிடித்த டிரில் அந்த வேகத்தில் அதிர்ந்து துளையின் ஓரத்தை அலையலையாக்கும். முதல் கியரில், 300 முதல் 500 சுற்றுகளில், உலோகம் சுருளாக வெளிவரும் அளவுக்கு அழுத்தம் கொடுத்துப் போக வேண்டும். தூளாக வந்தால் அழுத்தம் போதவில்லை அல்லது பிட் மழுங்கிவிட்டது என்று பொருள். அலுமினியம் பிட்டின் வெட்டுமுனையில் உருகியதுபோல் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. ஒரு சொட்டு மண்ணெண்ணெயோ டபிள்யூடி-40-ஓ விட்டால் ஒட்டாது, துளையும் பளபளப்பாக வரும். சொட்டுத்தான் வேண்டும், குளிப்பாட்ட வேண்டியதில்லை; மண்ணெண்ணெய் என்றால் அருகில் நெருப்பும் இருக்கக் கூடாது.

முதலில் எல்லாப் புள்ளிகளிலும் 3 மி.மீ. வழிகாட்டித் துளையைப் போட்டு முடியுங்கள். பக்கச் சுவர்களில் போடும்போது டிரில்லை மேசைக்குச் செங்குத்தாக அல்ல, சுவரின் பரப்புக்குச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். டிரில் ஸ்டாண்ட் பயன்படுத்துவோர், பெட்டியின் ஒரு பக்கத்தின் கீழ் மடித்த அட்டைத்துண்டைச் செருகி அந்தச் சாய்வை ஈடுசெய்யலாம். பெரிதாக்குவதற்கு முன், இந்த நிலையில் நின்று காலிப்பரால் எல்லா இடைவெளிகளையும் மறுபடி அளப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. 3 மி.மீ. துளை அரை மி.மீ. விலகியிருந்தால் அதை மீட்க முடியும்: ஊசி அரத்தால் துளையைச் சரியான திசையில் மட்டும் தேய்த்து நீள்வட்டமாக்கி, அதன் மையம் உரிய இடத்துக்கு நகர்ந்ததும் ஸ்டெப் டிரில்லை வைத்தால், அது புதிய மையத்தைப் பின்பற்றும். 12 மி.மீ. ஆன பிறகு இந்த வாய்ப்பு இல்லை.

பிறகு ஸ்டெப் டிரில். தேவையான படி எது என்பதை மார்க்கர் பேனாவால் பிட்டின் மேலேயே வளையமாகக் குறித்து வைத்தால், பேச்சுக் கவனத்தில் ஒரு படி கூடுதலாக இறங்கிவிடும் தவறு நேராது. ஒவ்வொரு படியையும் தாண்டும்போது ஒரு சிறு தொய்வு கையில் தெரியும். அந்த இடத்தில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். உள்ளிருக்கும் மரத்துண்டில் பிட்டின் நுனி இறங்குவதற்கு இடமில்லாவிட்டால், அந்த மரத்திலும் துளை போட்டு வையுங்கள். 1590ஏ போன்ற குறுகலான பெட்டியில், பக்கச் சுவரைத் துளைக்கும் கூம்பின் நுனி எதிர்ச் சுவரையே தொட்டுவிடக்கூடும் என்பதால், முன்பே ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும்.

துளையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறுகளை, துளையைவிடப் பெரிய முறுக்கு பிட் ஒன்றைக் கையில் பிடித்து இரண்டு மூன்று முறை திருகினாலே அகற்றிவிடலாம். பொட்டின் உடலில் நிற்கும் சிறு தகடு, பொட் சுழலாமல் தடுப்பதற்காக உள்ளது. அதற்காக மையத்துக்குப் பக்கத்தில் பாதி ஆழத்துக்கு ஒரு 3 மி.மீ. குழி போடலாம். நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை, பிளையரால் முறித்துவிட்டு நட்டை நன்றாக முடுக்குகிறேன். பொட் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அது சுழலப்போவதும் இல்லை.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் அதைத் துளைகளுக்குப் பிறகு செய்வதே நல்லது. சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெயையும் துருவலையும் முற்றிலும் நீக்கிவிட்டு, நன்றாக உலர்ந்த பின் அடிக்க வேண்டும். நம் ஊரின் ஈரப்பதத்தில் மழைநாளில் அடித்த ஸ்பிரே பெயின்ட் வெள்ளை பூத்ததுபோல் மங்கிவிடும். பவுடர் கோட்டிங் ஏற்கனவே போடப்பட்ட பெட்டியாக இருந்தால், அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதை நினைவில் வையுங்கள். ஜாக்கின் உலோக உடல் பெட்டியைத் தொட்டால்தான் பெட்டி பூமிமுனையோடு சேர்ந்து இரைச்சலைத் தடுக்கும் கவசமாகச் செயல்படும். எனவே உட்புறத்தில் ஜாக் உட்காரும் இடத்தைச் சுற்றி உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வாஷரை உட்புறத்தில் போட்டு முடுக்க வேண்டும்.

பாகங்களைப் பொருத்தி நட்டுகளை இறுக்கிய பின், மல்டிமீட்டரை ஒலிக்கும் நிலையில் வைத்து மூன்று இடங்களில் தொட்டுப் பாருங்கள். கித்தார் ஜாக்கின் வெளிமுனைக்கும் பெட்டிக்கும் இடையே ஒலிக்க வேண்டும். டிசி ஜாக்கின் நேர்முனைக்கும் பெட்டிக்கும் இடையே ஒலிக்கக் கூடாது. பிளக்கைச் செருகிய நிலையில் கித்தார் ஜாக்கின் முனைத் தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையேயும் ஒலிக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால், பலகையின் அடியில் ஒரு அட்டையோ இன்சுலேஷன் டேப்போ வைத்து, மூடியின் நான்கு திருகாணிகளையும் போடலாம்.